கடலில் கயாக் ஓட்டும்போது விஎச்எஃப் ரேடியோ: எது வாங்குவது, எங்கே வைப்பது?

அலைவாசி

வணக்கம். இதுவரை விரிகுடாவுக்குள், கரையை ஒட்டித்தான் கயாக் ஓட்டியிருக்கிறேன். அடுத்த பருவத்தில் மூன்று பேராகச் சேர்ந்து எதிரே இருக்கும் ஒரு தீவுக்குப் போய்த் திரும்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு வழிக்கு ஏறக்குறைய 9 கி.மீ. திறந்த கடல். இப்போது என்னிடம் இருப்பவை லைஃப் ஜாக்கெட், விசில், நீர் புகாத உறையில் மொபைல். விஎச்எஃப் ரேடியோ (படகுகளும் கடலோர நிலையங்களும் பேசிக்கொள்ளும் கடல் ரேடியோ) இல்லாமல் வரமாட்டேன் என்று கூட வருபவர்களில் ஒருவர் சொல்கிறார். மொபைல் சிக்னல் கிடைக்கும் தூரம்தான், அப்படியும் ரேடியோ தேவையா? தேவை என்றால் அதைக் கயாக்கில் எங்கே வைக்க வேண்டும்?

மீகாமன்

தேவை. உங்கள் நண்பர் சொல்வது சரி.

மொபைலில் நீங்கள் ஒருவரைத்தான் கூப்பிட முடியும். அவர் எடுக்க வேண்டும், நீங்கள் இருக்கும் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், பிறகு அவர் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். சேனல் 16-ல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸில் பேசினால், எட்டும் தூரத்தில் அந்தச் சேனலைத் திறந்து வைத்திருக்கும் அத்தனை படகுகளும் கடலோரக் காவல் நிலையமும் ஒரே நேரத்தில் கேட்கும். அரை மணி தூரத்தில் இருக்கும் மீட்புப் படகைவிட ஐந்து நிமிட தூரத்தில் மீன்பிடிக்கும் படகு முதலில் வந்து சேரலாம். அந்தப் படகோட்டியின் மொபைல் எண் உங்களிடம் இருக்காது, ஆனால் அவருடைய ரேடியோ திறந்திருக்கும்.

அப்புறம், உறைக்குள் இருக்கும் மொபைலின் தொடுதிரையை ஈர விரலால் இயக்கிப் பாருங்கள். உப்புநீர் திரை மேல் ஓடும்போது அது தானாகவே எதையாவது தொட்டுக்கொள்ளும், இல்லை என்றால் எதற்கும் அசையாது. ரேடியோவில் பொத்தானை விரலால் உணர்ந்து, பார்க்காமலே அழுத்தலாம். மீட்புப் படகுகள் பலவற்றில் விஎச்எஃப் சிக்னல் வரும் திசையைக் காட்டும் கருவியும் இருக்கிறது. நீங்கள் பேசப் பேச அவர்கள் உங்களை நோக்கித் திரும்பலாம்.

வாங்குவதானால் ஜிபிஎஸ்ஸும் டிஎஸ்சியும் (எண்வடிவில் அவசர அழைப்பு அனுப்பும் வசதி) உள்ள கைரேடியோவாக வாங்குங்கள். சிவப்பு மூடிக்குக் கீழே இருக்கும் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் உங்கள் அடையாள எண்ணும் இருக்குமிடமும் சேனல் 70 வழியாக எண்வடிவில் போய்விடும். யாராவது பெற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பும் வரை ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ரேடியோ அதைத் தானாகவே திரும்ப அனுப்பும். வாய் திறந்து பேச முடியாத நிலையிலும் வேலை செய்யும் ஒரே வசதி அதில் அதுதான்.

கரைக்காற்று

மீகாமன் சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். கையில் பிடிக்கும் ரேடியோவுக்கு எட்டும் தூரம் மிகக் குறைவு. கயாக்கில் உட்கார்ந்திருப்பவரின் ஆண்டெனா நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் பெரிது. பாறைச் சரிவுக்குப் பின்னால் போய்விட்டால் யாருக்கும் கேட்காது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் பிஎல்பி, அதாவது உடம்பில் மாட்டிக்கொள்ளும் சிறு அவசரச் சிக்னல் கருவி, வாங்கச் சொல்வேன். ஆண்டெனாவை விரித்து ஒரு பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் நேராகச் செயற்கைக்கோளுக்குப் போகிறது. மாதச் சந்தா கிடையாது. கடலில் எங்கிருந்தாலும் வேலை செய்யும்.

அலைநீளம்

எட்டும் தூரத்தைப் பற்றி ஊகிக்க வேண்டியதில்லை, கணக்குப் போட்டுவிடலாம். விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, பூமியின் வளைவுதான் அதைத் தடுக்கிறது. இரு பக்க ஆண்டெனாக்களும் நீர்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று பார்த்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.1-ஆல் பெருக்குங்கள். வருவது கிலோமீட்டர்.

கயாக்கில் இருவர், இருவருக்கும் 1 மீட்டர் என்றால் 8 கி.மீ. இது ஏட்டுக்கணக்கு. அலைப் பள்ளத்தில் இருவரும் இருக்கும்போது இதில் பாதி கிடைத்தாலே அதிகம். 4 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா வைத்திருக்கும் சிறு மீன்பிடிப் படகுக்கு 12 கி.மீ. பாய்மரத்தின் உச்சியில், 16 மீட்டரில் வைத்திருக்கும் படகுக்கு 20 கி.மீ. மலை மேல் 100 மீட்டரில் நிற்கும் கடலோர நிலையத்துக்கு 45 கி.மீ. அதாவது தூரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தின் உயரம்தான். ரேடியோவுக்கு எட்டும் தூரம் குறைவு என்று கரைக்காற்று சொல்வது கயாக்குக்கும் கயாக்குக்கும் இடையில் உண்மை. நிலையத்தோடு பேசும்போது அவ்வளவு உண்மை இல்லை.

கவிழ்ந்து தண்ணீரில் மிதக்கும்போது உங்கள் ஆண்டெனா 30 செ.மீ. உயரம்தான். அப்போதும் அந்த 45 கி.மீ. 43 ஆகத்தான் குறைகிறது. ஆனால் சிறு படகு விஷயத்தில் 12 என்பது 10 ஆகிவிடும், அதற்கு மேல் ஒவ்வொரு அலையும் குறுக்கே நிற்கும். ஆகவே அலை உங்களைத் தூக்கும் நேரம் பார்த்துப் பேசுங்கள். ரேடியோவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். படுக்கை வசத்தில் பிடித்தால் சிக்னல் வீணாகிறது.

1 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு ஏற்றினால் தூரம் ஐந்து மடங்காகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அடிவானத்துக்கு அப்பால் எத்தனை வாட்டும் போகாது. அடிவானத்துக்கு உள்ளே குரல் தெளிவாகக் கேட்க 5 வாட் உதவும், அவ்வளவுதான். குழுவுக்குள் பேச 1 வாட் போதும், பேட்டரியும் மிஞ்சும்.

சுக்கான்

"எங்கே வைப்பது" என்று அலைவாசி கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் இந்த இழையின் முக்கியமான கேள்வி.

ஹேட்ச்சுக்குள் (கயாக்கின் மூடிய சாமான் அறை) வைத்தால் கவிழ்ந்த பிறகு எடுக்க முடியாது. தளத்தின் மேல், ரப்பர் கயிற்றுக்கு அடியில் செருகி வைத்தால் முதல் பெரிய அலையிலேயே போய்விடும். போகாமல் இருந்தாலும் கயாக்கோடு போகும். காற்று அடிக்கும்போது காலியான கயாக் நீங்கள் நீந்துவதைவிட வேகமாக விலகிப் போகும். பிடி விட்டால் திரும்ப எட்டிப் பிடிப்பது கடினம். கயாக்கில் இருந்த எல்லாமும் அப்போது உங்களைவிட்டுப் போய்விட்டது. மிச்சம் இருப்பது உடம்பில் மாட்டியிருந்தவை மட்டும்.

ஆகவே ரேடியோ லைஃப் ஜாக்கெட்டில் இருக்க வேண்டும். இதை எல்லோரும் சொல்வார்கள், அதற்கு மேல் சொல்ல மாட்டார்கள். லைஃப் ஜாக்கெட்டில் எந்த இடம்? நடு மார்பில் தடிமனான பை வைத்தால், தண்ணீரிலிருந்து கயாக்கின் மேல் வயிற்றால் ஊர்ந்து ஏறும்போது அது தளத்துக் கயிற்றிலும் காக்பிட்டின் (உட்காரும் குழி) விளிம்பிலும் மாட்டும். மறுபடி ஏறுவதில்தான் உயிரே இருக்கிறது, அதற்கு இடைஞ்சலாக எதையும் வைக்கக் கூடாது. முதுகுப் பை கைக்கு எட்டாது. எனக்குப் பிடித்த இடம் தோள்பட்டைக்குக் கீழே, மார்பின் ஓரத்தில் செங்குத்தான சிறு பை. ஆண்டெனா மேலே நீட்டிக்கொண்டிருக்கும், முகத்தைக் குத்தாது. கயாக் உருட்டக் (கவிழ்ந்ததும் உட்கார்ந்தபடியே நிமிர) கற்றவர்கள் முன்னால் குனிந்து பாருங்கள், ஆண்டெனா கண்ணுக்கு நேராக வந்தால் பையின் இடத்தை மாற்றுங்கள்.

ரேடியோவை ஒரு கயிற்றால் ஜாக்கெட்டோடு கட்டுங்கள். வாய்வரை வர வேண்டும், அதற்கு மேல் நீளம் வேண்டாம். நீண்ட கயிறு துடுப்பிலும் கழுத்திலும் சுற்றும். "மிதக்கும் ரேடியோ" என்று எழுதியிருந்தாலும் கட்டுங்கள். அது மிதக்கும், ஆனால் உங்களிடமிருந்து மிதந்து போகும்.

இன்னொன்று. பை இறுக்கமாக இருந்தால் பேசும் பொத்தான் தானாக அழுந்திக்கொள்ளும். பொத்தான் பூட்டு போட்டாலும் பல ரேடியோக்களில் அந்தப் பொத்தான் மட்டும் பூட்டப்படுவதில்லை. நீங்கள் அறியாமலே சேனல் 16-ஐ அடைத்துக்கொண்டு, உங்கள் மூச்சுச் சத்தத்தை ஒலிபரப்பிக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் வேறு யாரோ உதவி கேட்டுக்கொண்டிருக்கலாம். வாங்கியதும் பையில் வைத்துக் குனிந்து நிமிர்ந்து, அனுப்பும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

அலைவாசி

அண்ணா, மிக்க நன்றி. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு சந்தேகம். அலை அடிக்கும்போது துடுப்புக்கே இரண்டு கையும் வேண்டும். ரேடியோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எப்படிப் பேசுவது?

சுக்கான்

மூன்று பேர் போகிறீர்கள் என்பதால் சுலபம். இரண்டு கயாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து, ஒருவர் மற்றவரின் காக்பிட் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்ந்த இரண்டு கயாக்குகள் கவிழ்வது அரிது. பிடித்திருப்பவர் அலையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் ரேடியோவை மட்டும் பார்க்கலாம். தனியாகப் போகிறவர் பேச முடியாத அளவுக்கு அலை இருந்தால் டிஎஸ்சி பொத்தானை அழுத்திவிட்டு, திரும்பத் துடுப்பைப் பிடிக்க வேண்டும்.

மீகாமன்

பேசும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். "மேடே" மூன்று முறை. "திஸ் இஸ் கயாக்" என்று சொல்லி உங்கள் அழைப்புப் பெயர் மூன்று முறை, எம்எம்எஸ்ஐ எண் (ரேடியோவில் பதிந்திருக்கும் உங்கள் அடையாள எண்) இருந்தால் அது. பிறகு இருக்குமிடம். அட்சரேகையும் தீர்க்கரேகையும் ரேடியோத் திரையிலேயே இருக்கும். அலையில் படிக்க முடியாவிட்டால் தெரிந்த முனையிலிருந்தோ கலங்கரை விளக்கிலிருந்தோ எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று சொல்லுங்கள். என்ன ஆயிற்று, எத்தனை பேர், அதில் எத்தனை பேர் தண்ணீரில், கயாக் என்ன நிறம். கடைசியில் "ஓவர்". உடனே பொத்தானை விடுங்கள். பதற்றத்தில் பலர் பொத்தானை அழுத்தியபடியே பதிலுக்குக் காத்திருப்பார்கள், அப்போது பதில் வந்தாலும் கேட்காது.

இதைத் தாளில் எழுதி, நீர் புகாதபடி ஒட்டி, காக்பிட்டுக்கு முன்னால் தளத்தில் வையுங்கள். தண்ணீரில் விழுந்த மூளை வரிசையை மறந்துவிடும்.

மேடே என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும். ஒருவருக்குத் தோள் மூட்டு விலகிவிட்டது, காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட முடியாமல் தள்ளிப் போகிறீர்கள், இருட்டப் போகிறது, ஆனால் எல்லோரும் கயாக்கில் பத்திரமாக இருக்கிறீர்கள் என்றால் "பான் பான்". அதைச் சொல்லத் தயங்காதீர்கள். பான் பான் நேரத்தில் வெட்கப்பட்டு வாய் மூடியிருப்பவர்தான் ஒரு மணி நேரம் கழித்து மேடே சொல்கிறார்.

கரைக்காற்று

அலைநீளத்தின் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். மலை மேல் நிலையம் உள்ள கடற்கரையில் ரேடியோ முதலில் என்பது நியாயம். ஆனால் எல்லாக் கரையிலும் நிலையம் இல்லை. அந்த இடங்களுக்காக பிஎல்பியைப் பற்றி முழுமையாகவே சொல்கிறேன்.

அதன் சிக்னல் காஸ்பஸ்-சார்சாட் செயற்கைக்கோள்கள் வழியாக மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகிறது. 1982-லிருந்து உயிர்களைக் காப்பாற்றிவரும் அமைப்பு அது. ஜிபிஎஸ் உள்ள பிஎல்பி உங்கள் இடத்தை நூறு மீட்டர் அளவுக்குத் துல்லியமாகச் சொல்லும். இயக்கிய பிறகு குறைந்தது 24 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்பது விதி. கூடவே 121.5 மெகாஹெர்ட்ஸில் மெல்லிய சிக்னலும் போகும், அருகில் வந்துவிட்ட மீட்புக் குழு அதை வைத்து உங்களைத் தேடும். பழைய கருவி ஒன்றை யாராவது கொடுத்தால், அது 121.5-ல் மட்டும் இயங்குவதா என்று பாருங்கள். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதில்லை.

பதிவு செய்யாத பிஎல்பியால் பாதிப் பயன்தான். சிக்னல் வந்ததும் மையம் முதலில் செய்வது, பதிவில் உள்ள அவசரத் தொடர்பு எண்ணைக் கூப்பிட்டு "இவர் கடலுக்குப் போயிருக்கிறாரா" என்று கேட்பது. அந்த எண் உங்கள் சொந்த மொபைலாக இருந்தால் அது உங்களோடு தண்ணீரில் இருக்கும். கரையில் இருப்பவர், உங்கள் பயணத் திட்டம் தெரிந்தவர், அவருடைய எண்ணைக் கொடுங்கள்.

ரேடியோவின் பக்கம் ஒன்றை நானே ஒப்புக்கொள்கிறேன். சாதாரண பிஎல்பி எதிரே போகும் படகுக்கு எதையும் சொல்லாது. செயற்கைக்கோள், மையம், விசாரணை, பிறகுதான் படகு. பேசவும் முடியாது. உங்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே அவர்கள் கிளம்புவார்கள்.

நீலத்தடம்

நான் குழுக்களை அழைத்துப் போகிறவள். எது முதலில் என்ற வாதத்தைவிட எனக்குக் கவலை தருவது, குழுவில் ஒரே ஒருவரிடம் ரேடியோ இருப்பது. வழிநடத்துபவர் பின்தங்கியவரை மீட்கத் திரும்பிப் போகிறார், மற்றவர்கள் காற்றில் விலகிப் போகிறார்கள், இடையில் ஒரு கி.மீ. ஆகிவிட்டது. கத்தினால் கேட்காது. அலைவாசி, மூன்று பேருக்கும் ரேடியோ முடியாவிட்டால் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும், ஒருவர் முன்னால் ஒருவர் பின்னால். ரேடியோ இல்லாதவர் எப்போதும் நடுவில்.

இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993 மார்ச் 22 அன்று கயாக்கில் போன பள்ளிக் குழுவில் 4 பதின்பருவத்தினர் இறந்தார்கள். அந்தக் குழுவிடம் ரேடியோவும் இல்லை, சுடர்களும் (கொளுத்திக் காட்டும் அவசர ஒளி) இல்லை. கவிழ்ந்தவர்கள் பல மணி நேரம் குளிர்ந்த நீரில் கிடந்தார்கள். சாகசப் பயிற்சி மையங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் அதன் பிறகுதான், 1995-ல் அங்கே வந்தது. குழு கூட்டிப் போகும் ஒவ்வொருவரும் அந்தச் சம்பவத்தை ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

குளிர்நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு 1-10-1. பனிபோல் குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால் பயன்படும் நேரம் 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்த 10 நிமிடத்தைக் கவனியுங்கள். ரேடியோவின் மூடி, பிஎல்பியின் ஆண்டெனா, ஜிப், கொக்கி, எல்லாமே விரல் வேலை. பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு விரல்கள் இருக்கும், வேலை செய்யாது. ஆகவே இரண்டு முறை ஏற முயன்றும் முடியவில்லை என்றால் மூன்றாவது முயற்சிக்கு முன்னால் கூப்பிட்டுவிடுங்கள். அப்புறம் முயற்சியைத் தொடரலாம். மறுபடி ஏறிவிட்டால் ரேடியோவில் அதைச் சொன்னால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வெதுவெதுப்பான கடல் என்றால் அவகாசம் கூடுதல், ஆனால் சோர்வும் காற்றும் அங்கேயும் உண்டு.

தொடுவானம்

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். ரேடியோ, பிஎல்பி எல்லாம் வைத்திருந்தும் மறுபடி ஏறத் தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். அலைவாசி, உங்கள் மூவருக்கும் ஆழமான நீரில் ஒருவரை ஒருவர் மீட்கத் தெரியுமா? கவிழ்ந்த கயாக்கின் முனையை மற்றவர் தன் தளத்தின் மேல் இழுத்துத் தண்ணீரை வடித்து, நிமிர்த்திக் கொடுத்து, ஏறும்வரை பிடித்துக்கொள்வது. இதைக் கரையோரத்தில், அதுவும் காற்றுள்ள ஒரு நாளில் பழகாமல் தீவுக்குக் கிளம்ப வேண்டாம். கையால் இயக்கும் பம்ப், தளத்தில் ஒரு மாற்றுத் துடுப்பு, இடுப்பில் கட்டி ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய இழுவைக் கயிறு, இவை இருந்தால் பெரும்பாலான தொல்லைகள் ரேடியோ வரை வராது.

உங்கள் லைஃப் ஜாக்கெட் எந்த வகை என்றும் பாருங்கள். துடுப்புப் போட வசதியாக இருக்கும் 50 நியூட்டன் மிதப்பு விசை கொண்ட வகை, நினைவிழந்தவரின் முகத்தை மேலே திருப்பாது. மற்றவர்கள் அருகில் இருப்பதை நம்பித்தான் அந்த வகையை அணிகிறோம். மூவரும் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடற்பாசி

சுடர்களைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே? நான் இரண்டு கைச்சுடர்கள் வைத்திருப்பேன். கைச்சுடர் ஒரு நிமிடம் எரியும். பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் போய் 40 வினாடி எரியும். பகலில் ஆரஞ்சுப் புகைதான் நன்றாகத் தெரியும்.

மீகாமன்

சுடர் உங்களைக் கண்டுபிடிக்க உதவும், கூப்பிட உதவுவது சந்தேகம். யாரும் பார்க்காத ஒரு நிமிடம் வீணான நிமிடம். ரேடியோவில் கூப்பிட்டு, படகோ ஹெலிகாப்டரோ கண்ணில் பட்ட பிறகு ஏற்றுங்கள். காற்று உங்களைக் கடந்து போகும் பக்கமாக, கையை நீட்டிப் பிடியுங்கள், நெருப்புத் துளிகள் சிந்தும். சுடர்களின் ஆயுள் பொதுவாக மூன்று ஆண்டு, மேலே அச்சிட்டிருக்கும். எலக்ட்ரானிக் எல்இடி சுடர் இரவில் மணிக்கணக்கில் மின்னும், கையைச் சுடாது. அதை ரேடியோவுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

புதுத்துடுப்பு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கடல் அலைவரிசைகளைப் பதிந்துகொள்ளக்கூடிய சாதாரண வாக்கி-டாக்கி மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறதே, அது போதாதா?

அலைநீளம்

போதாது. நீர் தாங்காது, சேனல் 70 இல்லை, கடல் பயன்பாட்டுக்கு அங்கீகாரம் இல்லாததால் பல நாடுகளில் அதில் பேசுவதே சட்டமீறல். தவறாகப் பதிந்தால் வேறு யாருடைய அலைவரிசையிலோ பேசிக்கொண்டிருப்பீர்கள்.

கடல் ரேடியோ வாங்கும்போது ஐபிஎக்ஸ்7 என்றோ 8 என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அது புது ரேடியோவுக்கு, மூடிகள் சரியாக மூடியிருக்கும்போது. சார்ஜ் செய்யும் துளையின் ரப்பர் மூடி தளர்ந்துவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல நீரில் கழுவி, காய வைத்து, பிறகு சார்ஜ் போடுங்கள். உப்பு படிந்த முனைகளில் மின்சாரம் பாய்ந்தால் அரித்துவிடும்.

"12 மணி நேரம் பேட்டரி" என்று பெட்டியில் போட்டிருப்பது பொதுவாக 5 சதவீதம் பேச்சு, 5 சதவீதம் கேட்பு, 90 சதவீதம் சும்மா இருத்தல் என்ற கணக்கில். குளிரில் அதுவும் குறையும். ஒலி மங்கலாகக் கேட்டால் ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஒலிபெருக்கித் துளைகளில் நீர் தங்கியிருக்கும். தலைகீழாகப் பிடித்து உதறுங்கள்.

அலைவாசி

எல்லோருக்கும் நன்றி. மூவரும் பேசி முடிவு செய்தது: முன்னால் போகிறவரிடமும் பின்னால் வருகிறவரிடமும் டிஎஸ்சி ரேடியோ, நடுவில் வருபவரிடம் பிஎல்பி, எல்லாம் லைஃப் ஜாக்கெட்டிலேயே. எங்களுக்குள் பேச சேனல் 72, 1 வாட்டில். ரேடியோ 16-ஐயும் சேர்த்துக் கேட்கும்படி வைத்துக்கொள்வோம். கரையில் என் அக்காவிடம் புறப்படும் நேரம், திரும்பும் நேரம், எத்தனை மணிக்கு மேல் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம். மீட்புப் பயிற்சி முடியாமல் தேதி குறிக்கப் போவதில்லை. உரிமம் வேண்டுமா என்பது மட்டும் பாக்கி.

மீகாமன்

நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு மாற்றம். பிஎல்பி வைத்திருப்பவர் எந்தப் பையில் வைத்திருக்கிறார், எப்படி இயக்குவது என்று மூவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவரே நினைவிழந்தவராக இருக்கலாம்.

உரிமம் நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் ரேடியோவுக்கு ஒன்று, பேசுபவருக்கு எஸ்ஆர்சி போன்ற சான்றிதழ் ஒன்று என இரண்டு வேண்டும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளுக்கு முன் அனுமதி கேட்கும் நாடுகளும் உண்டு, வாங்குவதற்கு முன்னால் விசாரியுங்கள். உயிருக்கு ஆபத்து என்ற நேரத்தில் சான்றிதழ் இல்லாதவரும் பேசலாம், அதற்காகத் தயங்க வேண்டாம். ஆனால் அந்தப் படிப்பை முடித்தவர் பேசும்போது பதற்றம் குறைவாக இருப்பதைக் கேட்டாலே தெரியும்.

எம்எம்எஸ்ஐ என்ற ஒன்பது இலக்க எண்ணை அந்த உரிமத்தோடுதான் தருவார்கள். அது பதியப்படாத ரேடியோவில் சிவப்புப் பொத்தான் வேலை செய்யாது. பெரும்பாலான ரேடியோக்களில் அந்த எண்ணை ஒருமுறைதான் பதிய முடியும், தவறினால் தயாரிப்பாளரிடம் அனுப்பித்தான் மாற்ற வேண்டும். பக்கத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, நீங்கள் பதியுங்கள்.